கனிவுதான் ஐயா வேணும்!



"குழந்தைகளின் ஃபாஸ்ட் புட் மோகத்தை மாற்றுவது பெற்றோரின் கண்டிப்பா, கனிவா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னாலே பேசின அண்ணன் சொன்னாரு, "எங்க வீட்டு வாசப்படி தாண்டி ஒரு நூடுல்ஸ் பாக்கெட் உள்ளே வந்ததில்லை"ன்னு. எல்லோரும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன் ஐயா. ஏன்னா, ஆறு வருஷத்துக்கு முன்னாலே இதே வசனத்தை ஊரெல்லாம் பேசிக்கிட்டுத் திரிஞ்சவன் நான்! (சிரிப்பு)

அவங்க சொல்ற ஆபத்தை நான் மறுக்கவே இல்லை. காய்ஞ்ச எண்ணெயையே மறுபடி மறுபடி காய வைக்கிறாங்க. உப்பைக் கொட்டுறாங்க. பெரியவங்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்புப் போதும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதாவது ஒரு டீஸ்பூன்கூட வேண்டாம். குழந்தைக்கு அதிலும் குறைவு. சாயம்? 2024 பிப்ரவரியிலே தமிழ்நாட்டிலே பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டாங்களே, எதுக்கு? ரோடமின்-பி என்கிற துணிச் சாயம் அதிலே இருந்துச்சு. அடுத்த மாசமே கர்நாடகத்திலே கோபி மஞ்சூரியனுக்குச் செயற்கை நிறம் சேர்க்கக் கூடாதுன்னு உத்தரவு. 2020-லே மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு விதி கொண்டு வந்துச்சு. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்கூட வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளே விற்கக் கூடாது.

ரொம்பச் சரி. வியாபாரிகிட்டே கண்டிப்பு வேணும். அதை அரசாங்கம் செய்யட்டும். ஆனா 51-ஆவது மீட்டர்லே ஒரு கடை இருக்கே நடுவர் அவர்களே, அங்கே யாரு காவல் நிக்கிறது? (கைதட்டல்) கடைக்குக்கூடப் போக வேண்டாம். செல்போனைத் தட்டினா வாசலுக்கே வருது.

"அந்தக் காலத்திலே நாங்க பழைய சோறும் சின்ன வெங்காயமும் சாப்பிட்டு வளர்ந்தோம்"ங்கிறாரு அண்ணன். வாஸ்தவம். ஆனா பள்ளிக்கூட வாசல்லே தேன்மிட்டாய், இலந்த வடை, குச்சி ஐஸ், மிளகாய்ப்பொடி தூவின மாங்காய்க் கீத்து, இதெல்லாம் யாரு தின்னது? அப்பா சட்டைப் பையிலே சில்லறை குறைஞ்சது எப்படி? அண்ணன் சிரிக்கிறாரு பாருங்க! (சிரிப்பு)

இப்ப என் கதைக்கு வரேன். எனக்கு ஒரே மக. அப்ப நாலாம் வகுப்பு. வீட்டிலே சிப்ஸ் கிடையாது, பரோட்டா கிடையாது. பக்கத்து வீட்டுப் பிறந்தநாள் விருந்துக்குப் போனாக்கூட, "கேக்கை மட்டும் தொடு, வேற எதையும் தொடாதே"ன்னு சொல்லித்தான் அனுப்புவேன். என் வீட்டுக்காரி மட்டும் சொல்லுவா, "ரொம்ப இறுக்காதீங்க"ன்னு. நான் கேட்கலை.

ஒரு ராத்திரி அவ புத்தகப் பையைச் சுத்தி எறும்பு. வரிசையாப் போகுது. சரி, டிபன் பாக்ஸ் சிந்தியிருக்கும்னு பையைக் கவுத்தேன். அடி ரெக்சின் கொஞ்சம் பிரிஞ்சிருந்துச்சு. விரலை விட்டா, உள்ளே காலி பாக்கெட்டுங்க. சிப்ஸ், சாக்லேட், நூடுல்ஸ் மசாலாத் தூள். பீடா மடிக்கிற மாதிரி ஒவ்வொண்ணையும் நாலா எட்டா மடிச்சு வச்சிருக்கு. பதினேழு. எண்ணினேன் ஐயா.

கோபத்திலே அடிச்சுட்டேன். இந்த மேடையிலே அதைச் சொல்லக் கூச்சமாத்தான் இருக்கு. "காசு ஏது?"ன்னு கேட்டேன். நோட்டு வாங்கணும்னு வாங்கின காசு. நூடுல்ஸ் தூள்? தோழிக்கு நம்ம வீட்டு இட்லியைக் கொடுத்துட்டுப் பதிலுக்கு வாங்கினது. "ஏம்மா இப்படிப் பொய் சொன்னே? என்கிட்டே கேட்டிருக்கலாமே"ன்னேன். அழுதுகிட்டே கேட்டா, "கேட்டிருந்தா தந்திருப்பீங்களாப்பா?"

என்கிட்டே பதில் இல்லை, நடுவர் அவர்களே. நான் வளர்த்தது நல்ல நாக்கு இல்லை. நல்லா ஒளிச்சு வைக்கத் தெரிஞ்ச கை. (கைதட்டல்)

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். அமெரிக்காவிலே ஃபிஷர், பிர்ச்னு இரண்டு ஆய்வாளர்கள் 1999-லே ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. சின்னப் பிள்ளைங்க கண்ணுக்கு எதிரே ஒரு தின்பண்டத்தை வச்சுட்டு, எடுக்க விடாமத் தடுத்துப் பார்த்தாங்க. என்ன ஆச்சு? பிள்ளைங்க அதைப் பத்தியே பேசுறாங்க, அதையே கேட்கிறாங்க, அதையே எடுக்கப் பார்க்கிறாங்க. வெறும் பண்டத்தைத் தங்கமாக்கினது அந்தத் தடைதான்!

2007-லே ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொண்ணு செஞ்சாங்க. மூணு வயசிலிருந்து அஞ்சு வயசு வரைக்கும் 63 பிள்ளைங்க. ஒரே கேரட்டை மெக்டொனால்ட்ஸ் படம் போட்ட தாளிலேயும் படமில்லாத தாளிலேயும் வச்சுக் கொடுத்தாங்க. படம் போட்ட தாளிலே இருந்ததுதான் ருசின்னு நிறையப் பிள்ளைங்க சொல்லிச்சுங்க. உள்ளே இருக்கிறது அதே கேரட்டு ஐயா! அப்ப நாம மட்டும் சுண்டலை நசுங்கின கிண்ணத்திலே கொண்டாந்து டொக்குனு வச்சா, அது எப்படி ஜெயிக்கும்?

எங்க வீட்டிலே என்ன செஞ்சோம்? பெருசா ஒண்ணுமில்லை. நாலரை மணிக்குப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அகோரப் பசி. அந்தப் பத்து நிமிஷம்தான் யுத்தமே! அப்ப கையிலே எது கிடைக்குதோ அதுதான் உள்ளே போகும். அதனாலே வேகவச்ச கடலை, அவல் உப்புமா, வாழைப்பழம், ஏதாவது ஒண்ணு மேசையிலே தயாரா இருக்கும். புதுக் காயைப் பிள்ளை ஒரு தடவை துப்பினா விட்டுடக் கூடாது. பத்துப் பதினைந்து தடவைகூடத் தட்டிலே வைக்கணும், திட்டாம வைக்கணும்.

அப்புறம் சனிக்கிழமை சாயங்காலம் அவ கேட்டது. ஒரு வாரம் அவளே கேரட்டு, பீன்ஸ் நறுக்கிப் போட்டுப் பாதி மசாலாவிலே நூடுல்ஸ். ஒரு வாரம் கோதுமை மாவிலே பரோட்டா. மாவு பாதி தரையிலே, மீதி என் தலையிலே! (சிரிப்பு) சில வாரம் கடைக்கே போவோம், ஒரு தட்டு வாங்கி மூணு பேரும் பங்கு போட்டுத் தின்போம். ஆனா ஒண்ணு. "முதல் ரேங்க் எடுத்தா பீட்சா"ங்கிற பேச்சை அறவே நிறுத்தினோம். பரிசாக் கொடுத்தா அது பதவி உயர்வு வாங்கிடும்!

இன்னொரு குற்றவாளியும் பிடிபட்டான். ராத்திரி பத்து மணிக்கு, பிள்ளை தூங்கின பிறகு, பரோட்டாப் பொட்டலத்தைப் பிரிக்கிற ஒருத்தன். வேற யாரு? நான்தான்! (பலத்த சிரிப்பு) வாசனை வராதுன்னு நினைச்சேன். "அப்பா, உங்களுக்கும் சால்னா ஊத்தட்டுமா?"ன்னு வந்து நின்னா பாருங்க!

(மணி ஒலிக்கிறது)

முடிச்சிடறேன் ஐயா. எதிரணியிலே கேட்பாங்க, "உன் மக இப்ப சிப்ஸே தின்கிறதில்லையா?"ன்னு. தின்கிறா. பொய் சொல்ல மாட்டேன். முன்னே மாதிரி இல்லை, ஆனா தின்கிறா. போன வாரம்கூட ஒரு பாக்கெட். கூடத்திலே உட்கார்ந்து, எனக்கும் ரெண்டு கொடுத்துட்டு, காலிப் பாக்கெட்டைக் கொண்டுபோய்க் குப்பைக் கூடையிலே போட்டா. மடிக்கவே இல்லை ஐயா.

(கைதட்டல்)