பழுதும் பந்தயமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

எனக்கு முன் பேசிய அறிஞர்கள் சிலம்பின் சுவையையும் கம்பனின் திறத்தையும் எடுத்துரைத்தார்கள். அத்தகைய மேடையில் எண்ணெய்க் கறை படிந்த கையையுடைய நான் வந்து நிற்பது பொருத்தமோ என்று தயங்கினேன். "உங்களுக்குத் தெரிந்ததைப் பேசுங்கள்; அதுவும் தமிழ்தான்" என்று செயலாளர் அவர்கள் ஊக்கினார்கள். எனக்குத் தெரிந்தது மோட்டார் சைக்கிளும் அதில் உண்டாகும் பழுதுமே. ஆதலின் அதனையே பேசத் துணிந்தேன்.

பிழைப்பின் பொருட்டு இளம் வயதில் இப்புனே நகருக்கு வந்தேன். ஆலைக்கு ஏறிச் சென்ற அதே வண்டியில்தான் பந்தயமும் ஓட்டினேன். ஆண்டுக்கு ஒரு முறை அதன் முகப்பு விளக்கையும் கண்ணாடியையும் கழற்றி, பெட்ரோலை வடித்து, சாக்குத் துணி சுற்றி, மதராஸ் மெயிலில் பார்சலாக ஏற்றிக்கொண்டு சோழவரம் செல்வேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தார் அங்கே நடத்திய பந்தயங்களைக் காணப் பெருங்கூட்டம் திரளும். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதை திறக்கப்பெற்றது. சோழவரத்தின் ஆரவாரம் இன்று நினைவாகிவிட்டது.

பொழுதுபோக்காகப் பந்தயம் ஓட்டுபவனுக்கு ஊதியம் இல்லை, உதவியாள் இல்லை, மாற்று வண்டியும் இல்லை. அவனுடைய முதற்பகைவன் பக்கத்தில் ஓடுபவன் அல்லன். தன் வண்டியின் பழுதே. அப்பகையை வெல்லும் வழிகளுள் நான் பட்டுத் தெரிந்துகொண்ட சிலவற்றைக் கூறுகின்றேன்.

முதலாண்டில் என் எஞ்சின் மூன்றாம் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. புனேயில் குறையின்றி ஓடிய வண்டி சோழவரத்தில் ஏன் நின்றது? புனே கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே காற்று மெலிது. சோழவரமோ கடற்கரையை அடுத்த சமவெளி. அங்கே காற்று செறிவு மிக்கது. இங்கே அளவாயிருந்த கார்புரேட்டர் ஜெட், அங்கே வேண்டிய பெட்ரோலைத் தரவில்லை. இருவீச்சு எஞ்சினுக்கு உயவு எண்ணெயும் பெட்ரோலோடு கலந்தே செல்வதால், பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும், வெப்பமோ ஏறும். அலுமினியப் பிஸ்டன், அதனைச் சூழ்ந்த வார்ப்பிரும்புச் சிலிண்டரைக் காட்டிலும் ஏறத்தாழ இரு மடங்கு விரியும் இயல்புடையது. விரிந்த பிஸ்டன் சுவரைக் கவ்வியது, சக்கரம் பூட்டிக்கொண்டது. பிழை வண்டியினுடையதன்று, ஊர் மாறியதை உணராத என்னுடையது.

அன்றுமுதல் மூன்று பழக்கங்களை மேற்கொண்டேன். முதலாவது, பிளக்கைப் படித்தல். முழு வேகத்தில் ஓடி, கிளட்சைப் பிடித்துக்கொண்டே எஞ்சினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அது உண்மையைச் சொல்லும். காப்பிப் பொடியின் நிறமாயின் நலம். வெளுத்திருந்தால் எரிபொருள் குறைவு, ஆபத்து அணுகுகின்றது. கரி படிந்திருந்தால் எரிபொருள் மிகுதி. வேகம் குறையுமே தவிர எஞ்சின் உடையாது. ஐயம் தோன்றினால் கரியின் பக்கம் சாய்வதே அறிவுடைமை. நண்பகல் வெப்பத்தில் அமைத்த ஜெட்டை மறுநாள் குளிர்ந்த காலையில் நம்புவதும் தவறு; குளிர்ந்த காற்று செறிவுடையது.

இரண்டாவது, இரு விரல்கள் எப்போதும் கிளட்சின் மேல் இருத்தல். எஞ்சின் கவ்வுமுன் அதன் ஒலி சற்றே மாறும், வேகம் தளரும். அந்நொடியே கிளட்சைப் பிடித்துவிட்டால் பின்சக்கரம் விடுபடும். கையை உயர்த்திப் பின்வருவோரை எச்சரித்து ஓரம் ஒதுங்கலாம். ஆறியபின் எஞ்சின் மீண்டும் சுழலக்கூடும். அதனைக் கண்டு ஏமாறலாகாது. சிலிண்டர்ச் சுவரில் அலுமினியம் ஒட்டியிருக்கும். பிரித்துப் பார்த்த பிறகே ஓட்ட வேண்டும்.

மூன்றாவது, குறிப்பேடு. எந்நாள், எவ்வூர், எந்த ஜெட், எத்தனை சுற்று, எது உடைந்தது என்று எழுதி வைத்தல். நோயின் காரணத்தைத் தேடிய பின்னரே மருந்தைத் தேட வேண்டும் என்ற வள்ளுவர் அறிவுரை மனிதருக்கு மட்டும் உரியதன்று.

இவையெல்லாம் கற்றபின் நான் தேர்ந்துவிட்டதாக எண்ணிச் செருக்குற்றேன். அச்செருக்கு அடங்கிய கதையையும் இச்சபையில் மறைக்க விரும்பவில்லை.

எழுபதுகளின் பிற்பகுதி. இயந்திரச் சோதனை முந்திய நாளே முடிந்திருந்தது. பந்தயத்தன்று காலை, கியர்ப்பெட்டியின் எண்ணெயை மாற்றினேன். எண்ணெய் வடிக்கும் திருகு அதிர்வில் கழலாதபடி மெல்லிய கம்பியால் கட்டிவிட வேண்டும். என்னிடமிருந்த கம்பி தீர்ந்துபோயிருந்தது. பக்கத்துக் கொட்டகையில் கேட்டால் கொடுத்திருப்பார்கள். ஆனால் முந்திய நாள்தான் அவர்களிடம் ஒரு பிளக் இரவல் வாங்கியிருந்தேன். மீண்டும் சென்று கை நீட்ட வெட்கமாயிருந்தது. "சில சுற்றுகள்தாமே" என்று திருகை நன்றாக முடுக்கிவிட்டுப் புறப்பட்டேன்.

பாதி தூரம் கடந்தபோது காலணியில் ஈரம் உணர்ந்தேன். குனிந்து பார்த்தேன், எண்ணெய். அப்போது நான் நான்காம் இடத்தில் இருந்தேன்; மூன்றாமவர் கண்ணுக்கெட்டிய தொலைவில் இருந்தார். ஓரம் ஒதுங்கியிருக்க வேண்டும். ஒதுங்கவில்லை. அடுத்த திருப்பத்தில் எனக்குப் பின்னால் வந்தவர் என் வண்டி சிந்திய எண்ணெயில் சறுக்கி விழுந்தார். தோள் முன்னெலும்பு முறிந்தது.

அவர் பக்கத்துக் கொட்டகை இளைஞர். அச்சகம் ஒன்றில் எழுத்துக் கோக்கும் தொழிலாளி. கை தூக்க இயலாதவர் எவ்வாறு எழுத்துக் கோப்பார்? ஆறு வாரக் கூலி போயிற்று. மாலையில் மருத்துவமனைக்குச் சென்று, கம்பி கட்டாததையும் எண்ணெயைக் கண்டும் நிறுத்தாததையும் அவரிடம் ஒளியாமல் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "கம்பி இல்லையென்றால் என்னைக் கேட்டிருக்கலாமே, அண்ணா. என் பெட்டியில் ஒரு சுருள் முழுதாக இருந்ததே" என்றார்.

அவர் ஏசியிருந்தால் எனக்கு அத்துணை வலித்திராது. அவ்வாண்டுப் போனசில் ஒரு பகுதியை அவர் வீட்டிற்கு எடுத்துச் சென்றேன். அவருடைய தாயார் முதலில் வாங்க மறுத்தார். வற்புறுத்திய பின்னரே பெற்றுக்கொண்டார். மறு ஆண்டு சோழவரத்தில் அவ்விளைஞரே என் கொட்டகைக்கு வந்து, ஒரு கம்பிச் சுருளை என் கருவிப் பெட்டியில் போட்டுவிட்டுச் சென்றார். அதில் ஒரு முழம் இன்னும் மீதமிருக்கின்றது. அதனைப் பயன்படுத்த மனம் வரவில்லை.

பழுது பெரியோரையும் விட்டதில்லை. 1967-இல் மான் தீவில் நடந்த சீனியர் பந்தயத்தில் மைக் ஹெயில்வுட்டும் ஜியாகோமோ அகோஸ்தினியும் கடுமையாகப் போட்டியிட்டனர். ஹெயில்வுட்டின் வண்டியில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கைப்பிடி தளர்ந்துவிட்டது. இடைநிறுத்தத்தில் சுத்தியலால் அதனைத் தட்டி இறுக்க முயன்றுவிட்டு மீண்டும் ஓடினார். முன்னணியில் சென்ற அகோஸ்தினியின் சங்கிலி ஐந்தாம் சுற்றில் அறுந்தது, ஹெயில்வுட் வென்றார். உலகப் புகழ் பெற்ற வண்டிகளுக்கே இந்நிலையென்றால் நம் வண்டிகள் எம்மாத்திரம்!

நம்மைப்போன்ற எளியோருக்கு உகந்த ஆசான் நியூசிலாந்தின் பெர்ட் மன்ரோ. 1920-இல் வாங்கிய இந்தியன் ஸ்கவுட் வண்டியை அவர் வாழ்நாள் முழுதும் திருத்திக்கொண்டேயிருந்தார். பிஸ்டன்களையும் தாமே வார்த்தார். உடைந்த உறுப்புகளை எறிந்துவிடாமல் ஓர் அலமாரித் தட்டில் அடுக்கி, 'வேகக் கடவுளுக்குக் காணிக்கை' என்று எழுதிவைத்தார். 1967-இல், தம் 68-ஆம் வயதில், அமெரிக்காவின் பான்வில் உப்பு வெளியில் அவ்வண்டியை மணிக்கு 183 மைலுக்கு மேல் ஓட்டிச் சாதனை படைத்தார். உடைந்த ஒவ்வோர் உறுப்பும் அவருக்கு ஒரு பாடமாயிற்று.

இளைஞர்களே! இன்றைய வண்டிகளில் எரிபொருளை மின்னணுக் கருவி அளந்து ஊட்டுகின்றது. ஆயினும் திருகு கழல்வதும் சங்கிலி தளர்வதும் கேபிள் அறுவதும் இன்றும் உள்ளனவே. புறப்படுமுன் ஒவ்வொரு திருகையும் கையால் தொட்டுப் பாருங்கள். இல்லாததை வெட்கமின்றிக் கேளுங்கள். கேட்பவருக்கு மறுக்காமல் கொடுங்கள். பழுது தோன்றியதும் ஒதுங்குவதைத் தோல்வியென்று கருதாதீர்கள். இழந்த இடத்தை அடுத்த ஆண்டு பெறலாம்; பின்னால் வருபவனின் எலும்பை முறித்துவிட்டால் அக்கணக்கு எளிதில் தீராது.

ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இச்சங்கமும் அடுத்தடுத்து அமைந்த கொட்டகைகள் போன்றதே. ஒருவரிடம் இல்லாத கம்பி மற்றொருவரின் பெட்டியில் இருக்கும். கேட்கும் மனமும் கொடுக்கும் மனமும் நம்மிடையே என்றும் நிலைக்க வேண்டும் என்று வேண்டி அமைகின்றேன்.