பொதுக்குழாயும் புதுக்கவிதையும்



சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்து வேலை தேடி இரவு வண்டியில் சென்னைக்குச் சென்ற இளைஞர் பலருக்கு முதல் முகவரியாய் அமைந்தது திருவல்லிக்கேணி மேன்சன். ஒரு கட்டில், சுவரில் நாலு ஆணி, தாழ்வாரக் கோடியில் மாடிக்கெல்லாம் பொதுவான குளியலறை. விடியுமுன்னே வாளியும் துண்டுமாக வரிசை நிற்கும். கோடையில் குழாய் வறண்டால் பட்டதாரியும் படியாதவரும் ஒன்றே. உண்ண மெஸ், உறக்கம் வாராத இரவுக்கு மெரீனா மணல்.

அந்தத் திருவல்லிக்கேணியிலிருந்துதான் சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ இதழைக் கொணர்ந்தார். சேலத்தில் 1968இல் தோன்றிய ‘நடை’யில் எழுதியோருள் சிலர் 1970இல் சென்னையில் ‘கசடதபற’வைத் தொடங்கினர். சேலத்தில் வாழ்ந்த சி. மணியின் ‘நரகம்’, நகரத் தெருவில் அலையும் தனியன் ஒருவனின் ஏக்கத்தைப் பாடிற்று. அறைத்தனிமை புதுக்கவிதைக்குப் பொருளாயிற்று.

ஆயின், மேன்சனில் பெண்ணுக்கு இடமில்லை. ஊரிலிருந்து வந்த தாயும் வாயிலில் நின்று பேசித் திரும்ப வேண்டியதுதான். வேலைக்கு வந்த பெண்ணுக்கு மகளிர் விடுதி உண்டு. அங்கும் குளியலறை பொதுதான். ஆனால் இரவு தொடங்குமுன்னே கதவு அடைபட்டுவிடும். நள்ளிரவு வரை கடற்கரையில் கவிதை பேச அவளுக்கு ஏது வழி? அக்கால இதழ்களில் பெண் பெயர் அருகியிருப்பதற்குத் திறமைக் குறைவைக் காரணம் காட்டுவோர் அந்தக் கதவை மறந்துவிடுகின்றனர்.

இம்மன்றத்தின் அடுத்த கவியரங்கைப் பகற்பொழுதில் வைக்கலாகாதா? ராசிபுரத்துப் பெண்ணும் மோகனூர்ப் பெண்ணும் தம் கவிதையைப் படித்துவிட்டுக் கடைசிப் பேருந்துக்கு முன்பே ஊர் திரும்பலாமே.