கம்பியும் மணியும் மாணவர் கையிலேயே இருக்கட்டும்

(குறுவள மையப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எட்டு, ஒன்பதாம் வகுப்பு மாணவர்களோடு கம்பியில் மணி கோத்துச் சாவிக்கொத்துப் பொம்மை செய்வது பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதைச் செய்து காட்டுவது எளிது. மாணவர் தடுமாறும்போது நம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் கடினம். என் பேச்சின் சாரம் அதுதான்.

தேவையான பொருள்கள் குறைவு. ஒரு மாணவருக்கு 0.3 மி.மீ. தடிமனுள்ள செம்புக் கம்பி 60 செ.மீ., 4 மி.மீ. அளவுள்ள மணிகள் 30, ஒரு சாவி வளையம். நான்கு பேருக்கு ஒரு குறடு போதும். மணியின் துளையில் கம்பி மூன்று முறை நுழைய வேண்டும். வாங்கும்போதே நுழைத்துப் பார்த்துவிடுங்கள்.

முதல் பாடவேளையில் கம்பியைத் தொட வேண்டாம். தாளில் மீன் வரையட்டும். உடலுக்கு வரிசைக்கு 1, 2, 3, 4, 5, 4, 3, 2, 1 என வட்டங்கள். வாலுக்கு 2, 3. கண் எந்த மணி, கோடு எந்த நிறம் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். உடலுக்கு மட்டும் எத்தனை மணி என்று கேளுங்கள். 25 என்பார்கள். நடு வரிசை 4 என்றால்? 16. நடு வரிசை 6 என்றால்? 36. வர்க்க எண் வருகிறதே என்று வகுப்பில் யாராவது சொல்லும்வரை காத்திருங்கள். 40 பேருக்கு எத்தனை மணி, எத்தனை மீட்டர் கம்பி என்ற கணக்கையும் அவர்களிடமே விடுங்கள். 1200 மணி, 24 மீட்டர் என்று கணக்கிட்டுத் தருவார்கள்.

அடுத்த பாடவேளையில் கோக்கலாம். வளையத்தில் கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி, இரு முனைகளும் சம நீளமாக இருக்கும்படி வைக்க வேண்டும். ஒரு முனையில் முதல் மணியைக் கோத்து, மறுமுனையை அதே மணிக்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து நுழைத்து, இரண்டையும் சேர்த்து இழுக்க வேண்டும். ஒவ்வொரு வரிசைக்கும் இதே விதிதான். கடைசி வரிசை முடிந்ததும் முனைகளை முந்தைய வரிசைக்குள் திருப்பி நுழைத்து, முறுக்கி, வெட்டி, கூர்முனையை மணிக்கு அடியில் மடக்கிவிட வேண்டும்.

வெட்டும்போது துண்டு தெறிக்கும். வெட்டுபடும் முனையை மறுகையால் பிடித்து, தரையை நோக்கி வைத்து வெட்டச் சொல்லுங்கள். துண்டுகளுக்குத் தனி டப்பா வையுங்கள். சிந்திய மணிகளைப் பொறுக்கிய பிறகே வகுப்பு கலையட்டும். வீட்டில் சிறு குழந்தைகள் இருப்பவர்களிடம் மணிகளைத் தளர்வாகக் கொடுத்தனுப்ப வேண்டாம்.

இனி முக்கியமான இடம். ஐந்தாம் வரிசையில் ஒரு மணி குறைந்தால் மீனின் வடிவம் படத்தோடு ஒத்துப்போகாது. கம்பியை ஒரே பக்கத்திலிருந்து நுழைத்தால் வரிசை நிற்காமல் தொங்கும். தவறு கண்ணுக்குத் தெரிகிறது. சிவப்பு மை தேவையில்லை. அப்போது மாணவர் பொம்மையை நம்மிடம் நீட்டுவார். வாங்கிச் சரிசெய்தால் அரை நிமிடத்தில் முடியும். வகுப்பும் நேரத்தில் முடியும். ஆனால் அதன்பின் அது நம் மீன். வாங்காதீர்கள். “உன் படத்தில் இந்த வரிசையில் எத்தனை?” என்று மட்டும் கேளுங்கள். எண்ணிப் பார்த்து, அவரே பிரித்து, அவரே கோப்பார்.

பிரித்துக் கோக்கும்போது அறிவியலும் வந்து சேரும். செம்பு நன்றாக வளையும். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் வளைத்தால் இறுகி ஒடிந்துவிடும். ஏன் ஒடிந்தது என்று கையில் பார்த்த பிள்ளைக்கு உலோகப் பாடம் மறக்காது.

ஈரோடு மாவட்டம் கொடுமணல் அகழாய்வில் கல்மணி செய்த தொழிற்கூடங்களின் தடயங்கள் கிடைத்தன. முழு மணிகளோடு, பாதியில் நின்ற மணிகளும் அங்கே இருந்தன. மணி எப்படிச் செய்யப்பட்டது என்று நமக்குச் சொன்னவை அந்தப் பாதி மணிகளே. ஆகவே முடியாத மீன்களையும் வகுப்புக் கண்காட்சியில் வையுங்கள்.

இன்னொன்று. குறடும் கம்பியுமாக மணி கோக்கும் நரிக்குறவர் பெற்றோரை நம் பிள்ளைகள் பேருந்து நிலையங்களில் பார்த்திருப்பார்கள். அந்தக் குடும்பத்துப் பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால், “நீ செய்து காட்டு” என்று எல்லார் முன்னும் நிறுத்திவிடாதீர்கள். கேலிக்கு அதுவே வழியாகிவிடும். விருப்பமுள்ள பெற்றோர் ஒருவரை முறையாக அழைத்து, நாற்காலி போட்டு, அன்றைய வருமானம் இழக்காதபடி மதிப்பூதியம் கொடுத்து, ஒரு மணி நேரம் கற்பிக்கச் சொல்லுங்கள். தொழில் தெரிந்தவர் ஆசிரியராக அமர்ந்ததை வகுப்பு முழுவதும் பார்க்கும்; அவருடைய பிள்ளையும் பார்க்கும். இது பெண்பிள்ளைகள் வேலை என்று ஒதுங்கும் பையன்களும் அன்றைக்குக் குறட்டைக் கையில் எடுப்பார்கள்.

தேர்வு நெருங்கும்போது கைத்தொழில் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கேட்கிறோம். இந்த மீனில் அவை இரண்டும் இருக்கின்றன. இரண்டு பாடவேளைகளை மட்டும் விட்டுக்கொடுக்காமல் வைத்திருங்கள். அந்த நேரத்தில் மீன் மாணவர் கையிலேயே இருக்கட்டும்.