நெஞ்சு துடிப்பது ஏன்?

பாலக்காட்டிற்குக் கிழக்கே, பொள்ளாச்சிச் சாலையில் உள்ளது எலப்புள்ளி. எம் பெற்றோர் இன்றும் அங்கேதான் வாழ்கின்றனர். வெளிமாநிலங்களில் பணிபுரியும் நேயர்கள் நன்கறிந்த ஓர் அச்சம் எமக்கும் உண்டு. நள்ளிரவில் ஊரிலிருந்து கைப்பேசி ஒலித்தால், எடுக்குமுன்பே நெஞ்சு படபடக்கும், நா வறளும், உள்ளங்கை வியர்க்கும். சென்ற ஆண்டு ஓரிரவில் அவ்வாறே நிகழ்ந்தது. பேசியவர் தந்தையார். தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தியைச் சொன்னார். நெஞ்சு முன்போலவே அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் சற்றுமுன் அச்சமாயிருந்தது இப்பொழுது உவகையாயிற்று!

உடலில் நிகழ்ந்தது யாது? மூளையினுள் வாதுமைக் கொட்டை வடிவில் அமைந்த அமிக்டலா இடர்க்குறியை உணர்கின்றது. நரம்புகளின் வழியே ஆணை செல்ல, சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலினைக் குருதியில் கலக்கின்றன. இதயம் விரைகின்றது.

உடலின் இம்மாற்றத்தை உணர்வதே உணர்ச்சி என்றார், 1884-இல் அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ். நடுக்கம் முன்னது, அச்சம் பின்னது என்பது கேட்போர்க்குத் தலைகீழாகத் தோன்றும். அச்சத்திலும் சினத்திலும் உள்ளுறுப்புகள் ஏறத்தாழ ஒரே வகையாக மாறுகின்றனவே, பின் அவற்றைப் பிரித்தறிவது எங்ஙனம் என 1927-இல் வால்டர் கேனன் மறுத்தார். 1962-இல் ஷாக்டரும் சிங்கரும் சிலர்க்கு அட்ரினலின் ஊசியிட்டு, உண்மையை மறைத்து, களிப்பவரோடும் சினப்பவரோடும் அமர்த்திப் பார்த்தனர். உடற்கிளர்ச்சியும் சூழலுக்கு நாம் கற்பிக்கும் பொருளும் கூடியே உணர்ச்சியாகும் என்பது அவர்தம் முடிவு. பின்வந்த சோதனைகள் அதனை முழுதும் உறுதிசெய்யவில்லை. எனினும் அந்நள்ளிரவை எண்ணுங்கால், எம்மால் அதனை எளிதில் தள்ள இயலவில்லை.

மொழிபெயர்ப்பு எம் தொழில். ‘எமோஷன்’ என்று வருமிடமெல்லாம் ‘உணர்ச்சி’ என்றெழுதி நகர்கின்றோம். தொல்காப்பியம் ஆண்ட சொல் மெய்ப்பாடு. உள்ளத்து நிகழ்வு மெய்யின்கண் புலப்படுதல் என்பது அதன் பொருள். உடல் அப்பெயரிலேயே இருக்கின்றது. சூழலையும் அந்நூல் விடவில்லை. எட்டு மெய்ப்பாடுகள் ஒவ்வொன்றிற்கும் நான்கு நிலைக்களன்களை வகுத்தது. அச்சம் பிறப்பது தெய்வத்தால், விலங்கால், கள்வரால், தம்மை ஆள்பவரால். (அரசுப் பணியாளர் நான்காவதற்குச் சான்று தேட வேண்டுவதில்லை!)

ஊரிலிருந்து வரும் மணியோசை இந்நான்கினுள் எதிலும் அடங்கவில்லை. அழுகைக்கு உரைத்த நான்கினுள் ‘இழவு’ ஒன்று. அதனை எதிர்நோக்கும் அச்சம் என்றே நம் நள்ளிரவு அச்சத்தைக் கொள்ளல் தகும்.