ஊட்டுப்புரையில் கேட்ட கேள்வி



கோடை விடுமுறைக்குக் காஞ்சிரங்குளம் வந்திருந்த, ப்ளஸ் ஒன் முடித்த பேத்தியைப் பத்மநாபபுரம் அழைத்துப் போனேன். 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை திருவிதாங்கூரின் தலைநகர். 1956-ல் ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது. அரண்மனையை இன்றும் பராமரிப்பது கேரள அரசு.

வெளியே அனல். உள்ளே, சாய்ந்த மரச்சட்ட ஜன்னல்கள் வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் விட்டன. சயன்ஸ் படித்தவன் அல்லவா, விளக்கிக்கொண்டே போனேன். ஊட்டுப்புரை வந்ததும், "ஒரே சமயத்தில் 2000 பேர் உட்காரலாம். பிராமணாளுக்கு ராஜாவின் தர்மச் சாப்பாடு" என்றேன் பெருமையாக.

"நெல்லை விளைவிச்சவா எங்கே சாப்பிட்டா, தாத்தா?"

சர்க்கார் கோப்புகளில் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் எழுதியவன், வாயடைத்து நின்றேன். அவர்களில் பலருக்குத் திருவிதாங்கூரில் கோயில் கதவே 1936-ல்தான் திறந்தது.

"அவாளை உள்ளே விட்டதில்லைம்மா" என்றேன் கடைசியில். அவள் வெறும் கூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேரக் குழந்தைகளுக்குப் பழைய ஊர்களைக் காட்டுங்கள். தூணையும் தளத்தையும் சொல்லும்போது இதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கேட்டால் அவர்கள் நம்மை வெறுக்க மாட்டார்கள். திரும்பும்போது பஸ்ஸில் என் பேத்தி என் தோளில் சாய்ந்துதான் தூங்கினாள்.