விருந்தாளி கேட்கக் கூசும் அறை



மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்துக் கெமாஸ் ரயிலடிக்கு விருந்தாளிகள் புதிதல்ல. இந்த வழியே ஜொகூர் பாருவரை செல்லும் ரயில் பாதை 1909-இல் முழுமையானது. அடுத்த ஆண்டே இங்கிருந்து பகாவுக்குத் தண்டவாளம் கிளம்பியது. அது பகாங் காடுகளைத் துளைத்துக்கொண்டு கிளந்தான் பாதையோடு கைகோக்க 1931 ஆகிவிட்டது. அன்றிலிருந்து மேற்குக்கரைப் பாதையும் கிழக்குக்கரைப் பாதையும் பிரியும் முச்சந்தி இந்த ஊர். ஊர் சிறியதுதான். ஆனால் வண்டி மாறுகிறவர்களும் வந்திறங்குகிறவர்களும் ஓயாமல் நடமாடும் ஊர்.

சொந்தக்காரர் வீடு இருக்கும் ஊரில் போய் ஹோட்டலில் தங்கினால், அது பத்து வருஷத்துக்குப் பேச்சாகிவிடும் என்பது நம்மவர்களுக்குத் தெரியும். ஆகவே தீபாவளிக்கு வருகிறவர்களும் கல்யாணத்துக்கு வருகிறவர்களும் வீட்டில்தான் படுப்பார்கள். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு இன்னும் அதிகம் பேர் வருவார்கள். கெமாஸ், கெமஞ்சே, பகாவ் வட்டாரத்துத் தோட்டங்களில் பிறந்தவர்கள் பலர் இன்று சிரம்பானிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். பால்மரம் வெட்டிய இடத்தில் செம்பனை நிற்கிறது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் இடிந்துவிட்டது. ஆனாலும் திருவிழா என்றால் ஆட்கள் திரும்பி வருகிறார்கள். தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளில் பாய் விரிக்கிறார்கள்.

விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டில் முதலில் எது தயாராகும்? முறுக்குக்கு மாவு. அடுத்து பாய், தலையணை, போர்வை. பாத்ரூம் முறை கடைசியில்தான் வரும். ஒரு மூடி மருந்தை ஊற்றித் தேய்த்துவிட்டால், அதோடு வேலை முடிந்ததாக நினைத்துக்கொள்கிறோம்.

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சாப்பாட்டில் உப்பு குறைந்தால் விருந்தாளி சிரித்துக்கொண்டே கேட்பார். தலையணை போதவில்லை என்றாலும் கேட்டுவிடுவார். ஆனால் பாத்ரூமில் வாளி இல்லை, ஹீட்டர் சுவிட்ச் எங்கே என்று தெரியவில்லை, கதவுத் தாழ்ப்பாள் விழவில்லை என்றால் கேட்க மாட்டார். சம்பந்தி வீட்டுக்கு முதல் முறை வந்திருக்கும் பெண் நிச்சயமாகக் கேட்க மாட்டாள். வாயைத் திறந்து கேட்க முடியாத அறை அது ஒன்றுதான். அதைத் தயார் செய்வதென்றால், அவர் கேட்கக் கூசுகிற ஒவ்வொன்றுக்கும் அங்கேயே முன்கூட்டிப் பதில் வைத்துவிடுவது.

பழைய தோட்டங்களில் இந்தக் கூச்சம் வேறு விதமாக இருந்தது. லயத்து வீட்டுக்குள் குளியலறை என்ற ஒன்றே கிடையாது. வரிசைக்குப் பொதுவாக ஒரு குழாய், அதைச் சுற்றி சிமெந்துத் தளம். அங்கேதான் பாத்திரம் கழுவினார்கள், துணி துவைத்தார்கள், பெண்கள் கைலியைக் குறுக்காகக் கட்டிக்கொண்டு குளித்தார்கள். கழிவறை சற்றுத் தள்ளி இருக்கும், அதுவும் பல குடும்பங்களுக்குப் பொதுவாக. வெளியூரிலிருந்து வந்த அத்தை ராத்திரியில் எழுந்தால் தனியாகப் போக முடியாது. வீட்டுக்காரி விளக்கைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பாள். அன்றைய உபசரிப்பில் அந்தத் துணையும் சேர்த்திதான்.

அந்தத் தூரத்துக் கழிவறைக்கும் புதர் மறைவுக்கும் பின்னால் ஒரு பெரிய நோய்க்கதை இருக்கிறது. 1915-இலிருந்து 1917 வரை ராக்ஃபெல்லர் அறநிறுவனம் அனுப்பிய குழு ஒன்று மலாயா, ஜாவா, பிஜித் தீவுகளில் கொக்கிப்புழுவை ஆராய்ந்தது. அதன் தலைவர் சாமுவேல் டார்லிங் என்ற மருத்துவர். கொக்கிப்புழுவின் முட்டை மலத்தோடு மண்ணில் விழும். ஈரமும் நிழலும் உள்ள இடத்தில் பொரிக்கும். குஞ்சுப்புழு வெறுங்கால் தோலைத் துளைத்து உடம்புக்குள் ஏறும். பிறகு குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். ரப்பர் மர நிழல், ஈர மண், செருப்பில்லாத கால் என்று புழுவுக்கு வேண்டியது எல்லாமே தோட்டத்தில் இருந்தது. பால் வெட்டுத் தொழிலாளி வெளிறிப்போய்ச் சோர்ந்து கிடந்தால், ‘சோம்பேறி’ என்று பெயர் வாங்குவதற்கு முன்னால் அவனுடைய ரத்தத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

தொழிலாளர் குடியிருப்புகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்ற சட்டம் நாடு சுதந்திரம் அடைந்து ஒன்பது ஆண்டு கழித்து, 1966-இல் வந்தது. 1990-இல் அதன் இடத்தில் புதிய சட்டம் அமர்ந்தது.  இன்றைக்கு வீட்டுக்குள்ளேயே ஓடு பதித்த பாத்ரூம் இருக்கிறது என்றால், அது லேசாக வந்துவிடவில்லை.

இப்போது தாமான் வீட்டுக்கு வருவோம். ஒற்றை மாடி வரிசை வீடு; பின்கட்டில், சமையலறையை ஒட்டி ஒரு பாத்ரூம். தீபாவளிக்குப் பத்துப் பேர் தங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வேலை, வீட்டுக்காரர் தாமே ஒரு நாள் விருந்தாளியாக அந்த அறைக்குள் போவது. கையில் துண்டு, மாற்றுத் துணி, சோப்புப் பெட்டி. கதவைச் சாத்திக்கொண்டதும் தெரிந்துவிடும். துண்டைத் தொங்கவிட ஒரே ஆணிதான் இருக்கிறது. அதிலும் வீட்டு ஐயாவின் கைலி தொங்குகிறது. கழற்றிய மோதிரத்தையும் கண்ணாடியையும் வைக்க இடமில்லை. கதவின் உட்பக்கத்தில் நாலு கொக்கிகள், கைக்கெட்டும் உயரத்தில் ஈரம் படாத ஒரு சிறு தட்டு: இந்த இரண்டும் வந்துவிட்டாலே பாதிக் கூச்சம் போய்விடும்.

அடுத்தது தண்ணீர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 லிட்டர் என்று கணக்குப் போட்டாலும் பத்துப் பேருக்கு 400 லிட்டர். கூரைமேல் இருக்கும் டாங்கி அதற்கு ஈடு கொடுக்குமா என்று பார்க்க வேண்டும். 2014 பிப்ரவரி வறட்சியில் நெகிரி செம்பிலான் தண்ணீர் நெருக்கடியையே அறிவித்தது. தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தவர்களுக்கு அந்த நாட்கள் மறந்திருக்காது. மூடியோடு ஒரு பெரிய பீப்பாயில் நீர் பிடித்து வைப்பது இங்கே பழமை அல்ல, முன்யோசனை.

பிடித்து வைத்த நீருக்கு மூடி இல்லை என்றால் கொசுவும் விருந்தாளியாகிவிடும். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. குளியல் தொட்டியின் தெளிந்த நீர்தான் அதற்குப் பிரியம். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். தொட்டியைக் காலி செய்தாலும் முட்டை மாதக் கணக்கில் காய்ந்தபடி உயிரோடிருக்கும். மறுபடி தண்ணீர் தொட்டதும் பொரிக்கும். ஒரு வாரம், பத்து நாளில் கொசு பறக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்சுவரை வாரம் ஒருமுறை பிரஷால் தேய்க்க வேண்டும். சுகாதாரத் துறை தரும் அபேட் மருந்துத் தூளைப் போடுவதாக இருந்தால் 10 லிட்டருக்கு 1 கிராம் கணக்கு. வீட்டில் கொசு வளரவிட்டால் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு.

தீபாவளி விடியல்தான் அந்த அறைக்கு உண்மையான பரீட்சை. இங்கே சூரியன் கிளம்பவே ஏறக்குறைய காலை 7 மணி ஆகும். அதற்குள் எல்லாரும் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும். ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்றால் பத்துப் பேருக்கு இரண்டு மணி நேரம். அப்படியானால் முதல் ஆள் 5 மணிக்கு முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். பெரியவர்கள் முதலில், பிள்ளைகள் கடைசியில் என்று முதல் நாள் ராத்திரியே வரிசை சொல்லிவிட்டால், விடிகாலையில் கதவைத் தட்டும் சண்டை இருக்காது.

நல்லெண்ணெயும் சீயக்காயும் சேர்ந்தால் ஓடு கண்ணாடியாகிவிடும். மூன்றாவது ஆள் குளிக்கும்போதே கால் வழுக்கும். இரண்டு பேருக்கு ஒருமுறை சவர்க்காரத் தூள் தூவி, துடைப்பத்தால் இழுத்து, வெந்நீர் விட்டுவிட வேண்டும். சீயக்காய்ச் சக்கை வடிகால் வாயில் படிந்து தண்ணீர் தேங்கும் என்பதால் சல்லடை மூடி அவசியம். எண்ணெய்த் தலையோடு வருகிறவருக்குப் பழைய துண்டுகளைத் தனியாக மடித்து வைத்துவிட்டால், வெள்ளைத் துண்டில் கறை ஏற்றிவிட்டோமே என்று அவர் தவிக்க வேண்டியதில்லை.

லயத்து நாட்களில் அண்டாவில் நீர் ஊற்றிப் பால்மரக் கட்டையை எரித்தால் வெந்நீர். இன்றைக்குச் சுவரில் ஹீட்டர். மின்சாரமும் ஈரமும் அருகருகே இருக்கும் இடம் என்பதால் 1994-ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குவிதிகள் கண்டிப்பாக இருக்கின்றன: தரை ஈரமாகும் இடத்தில் 10 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புக் கருவி வேண்டும். அந்தக் கருவியில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். அழுத்தினால் ‘டக்’ என்று விழ வேண்டும். விழவில்லையா, மின்பணியாளரைக் கூப்பிட்டுச் சரிசெய்யும்வரை ஹீட்டரை யாரும் தொடக்கூடாது. எந்தப் பக்கம் திருப்பினால் சூடு என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டிவிட்டால், சிங்கப்பூர்ப் பேத்தியும் கெமாஸ் பாட்டியும் ஒரே மாதிரி தைரியமாகக் குளிப்பார்கள்.

இந்த இருவருக்கும் கழிவறையில் மட்டும் ஒரே தொல்லை, ஆளுக்கொரு காரணம். பாட்டிக்கு முட்டி மடங்காது. பேத்தி குந்தும் கழிவறையைப் பார்த்ததே இல்லை. மேலே வைத்து உட்காரும் ஆசனம் மருத்துவப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கிறது. பக்கச் சுவரில் உறுதியான கைப்பிடி ஒன்று இருந்தால், எழுந்திருக்கும்போது பெரியவர்கள் குழாயைப் பிடித்து இழுக்க மாட்டார்கள். தண்ணீர் பீச்சும் குழாயோடு ஒரு வாளியும் செம்பும் இருக்கட்டும். காகிதச் சுருள் ஒன்றும் இருக்கட்டும். யாருக்கு எது பழக்கம் என்று வாசலில் நின்று விசாரிக்க முடியுமா என்ன?

பெண்களுக்காக, மூடியுள்ள சிறு குப்பைக்கூடை. உள்ளே பை விரித்து, பக்கத்தில் பழைய நாளிதழ்த் துண்டுகள். தட்டின் ஓரத்தில் பிரிக்காத நாப்கின் பொட்டலம் ஒன்று. இது பல வீடுகளில் இல்லை. இல்லாதபோது அந்தப் பெண் அதைக் கைப்பையிலேயே சுற்றி வைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேருகிறாள், யாரிடமும் சொல்லாமல்.

கடைசியாக, கதவருகே ரப்பர் செருப்பு. வீட்டார் கால் அளவுக்கு ஒன்று போதாது. பெரியது ஒன்று, சிறியது ஒன்று. ஓடு பதித்த தரையில் கொக்கிப்புழு இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் ஈரத் தரையில் வழுக்காமல் இருக்க அது வேண்டும். வெறுங்காலில் பால்காட்டுக்குப் போன தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தச் செருப்பின் விலை ஒரு பொருட்டே அல்ல.

இனி ராத்திரி. ரயிலிலிருந்து இறங்கி, நேரம் கழித்து வந்து சேர்ந்த பெரியம்மா நடு இரவில் எழுகிறார். கூடத்தில் வரிசையாகப் படுத்திருக்கிறவர்களைத் தாண்டிப் போக வேண்டும். சமையலறைச் சுவரில் சின்ன விளக்கு ஒன்று எரிகிறது. பாத்ரூம் சுவிட்ச் இருக்கும் இடத்தைப் பகலிலேயே மருமகள் காட்டி வைத்திருக்கிறாள். செருப்பைக் காலில் மாட்டுகிறார், தாழ்ப்பாள் சரியாக விழுகிறது, வாளியில் தண்ணீர் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து பாயில் சாய்கிறார். மருமகள் புரண்டுகூடப் படுக்கவில்லை.