கொள்ளைநோயும் ஆலைக் கதவும்

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கொரோனா வந்து போய்ப் பல வருஷங்களாகி விட்டன. "ஆறிப்போன புண்ணை இப்போது ஏன் கிளற வேண்டும்?" என்று சிலர் கேட்கிறார்கள். புண் ஆறிவிட்டதாக யார் சொன்னது? நோய் ஓய்ந்தது, அந்த நோயைச் சாக்கிட்டு முதலாளிகள் கேட்ட சலுகைகள் ஓயவில்லை. இனியொரு கொள்ளைநோய் வராது என்று எந்த டாக்டரும் நமக்கு எழுதிக் கொடுக்கவும் இல்லை. எனவே நாம் பேசத்தான் வேண்டும்.

இன்று இரண்டே கேள்விகளை எடுத்துக் கொள்வோம். நோய் வந்ததும் ஆர்டர் நின்றதே, அந்த நஷ்டம் யார் தலையில் விழுந்தது? மூடிய ஆலையைத் திரும்பத் திறந்தார்களே, அப்போது தொழிலாளியின் உயிருக்கு யார் பொறுப்பேற்றார்கள்?

ஆர்டர் எங்கே போயிற்று?

திருப்பூரில் தைக்கிற பனியன்கள் எல்லாம் கடையில் விற்பதற்கல்ல. கம்பெனிகளின் பெயரும் சின்னமும் அச்சிட்டு இனாமாகக் கொடுக்கிற பனியன், தொப்பி, பை என்று ஒரு தனிச் சரக்கு உண்டு. ஓட்டப் பந்தயம், பொருட்காட்சி, கம்பெனியின் ஆண்டு விழா, தேர்தல் பிரசாரம் எல்லாவற்றுக்கும் இந்தச் சரக்கு போகிறது. சிவகாசியில் அச்சாகும் தினசரிக் காலண்டரும் இந்த ஜாதிதான். ஜவுளிக்கடையும் நகைக்கடையும் மளிகைக்கடையும் தங்கள் பெயரைப் போட்டு வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுக்கின்றன.

இந்தச் சரக்குக்கு ஒரு குணம் உண்டு. அதற்குத் தேதி உண்டு. விழா நின்றால் பனியன் வேண்டாம். கடையில் வியாபாரம் இல்லையென்றால் காலண்டர் வேண்டாம். அரிசியையும் மருந்தையும் ஜனங்கள் எந்தக் காலத்திலும் வாங்கித்தான் ஆக வேண்டும். இனாம் பனியன் அப்படியல்ல. ஆகவே நெருக்கடி வந்ததும் முதலாளிகள் வெட்டுகிற முதல் செலவு விளம்பரச் செலவு. முதலில் வேலை இழப்பவர்கள் அந்தச் சரக்கைச் செய்கிறவர்கள்.

2020 ஜனவரி 23 ஆம் தேதி சீனாவில் வூஹான் நகரம் அடைக்கப்பட்டது. அங்கே ஆலைகள் மூடிக் கிடக்க, இங்கே ஜிப்பும் பட்டனும் வருவது தாமதப்பட்டது. மார்ச் மாதத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடைகள் அடைபட்டன. உடனே கடிதங்கள் வந்தன: ஆர்டர் ரத்து, அனுப்பாதே, அனுப்பியதற்குப் பணம் பிறகு. வங்காள தேசத்தில் ரத்தான, நிறுத்தி வைக்கப்பட்ட ஆர்டர்கள் 300 கோடி டாலருக்கு மேல் என்று அந்நாட்டு ஆடை ஏற்றுமதி முதலாளிகளின் சங்கமே கணக்குச் சொன்னது. அதனால் பாதிக்கப்பட்ட தொழிலாளர்கள் 20 லட்சத்துக்கு மேல்.

இங்கே கவனிக்க வேண்டும் தோழர்களே. துணி வெட்டியாயிற்று, தைத்தாயிற்று, அச்சும் போட்டாயிற்று. அதன் பிறகு "வேண்டாம்" என்கிறான் வெளிநாட்டு வியாபாரி. அவன் ஏற்றுமதிக்காரரிடம் பணத்தைப் பிடித்தான். ஏற்றுமதிக்காரர் ஜாப் ஒர்க் செய்த சின்ன யூனிட்காரரிடம் பிடித்தார். சின்ன யூனிட்காரர் கான்ட்ராக்டரிடம் பிடித்தார். கான்ட்ராக்டர் பீஸ் ரேட் தொழிலாளியிடம் பிடித்தார். தொழிலாளி யாரிடம் பிடிப்பது? மளிகைக் கடைக்காரரிடம் கடன் சொன்னார். வீட்டு வாடகைக்கு அவகாசம் கேட்டார். பிள்ளையின் சாப்பாட்டில் பிடித்தார். லாபம் வரும்போது மேலே ஏறுகிறது. நஷ்டம் வரும்போது படிப்படியாகக் கீழே இறங்கி, கடைசிப் படியில் நிற்கிறவன் தலையில் உட்காருகிறது. இது நோயின் குணமல்ல. முதலாளித்துவத்தின் குணம்.

நான்கு மணி நேர அவகாசம்

2020 மார்ச் 24 ஆம் தேதி இரவு 8 மணிக்குப் பிரதம மந்திரி பேசினார். நள்ளிரவு முதல் நாடு முழுவதும் அடைப்பு என்றார். 4 மணி நேர அவகாசத்தில் தேசம் பூட்டப்பட்டது. மார்ச் 29 இல் மத்திய சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது: அடைப்புக் காலத்துக்கும் பிடித்தம் இல்லாமல் கூலி தர வேண்டும் என்று. நல்ல உத்தரவுதான். ஆனால் மே 18 முதல் அந்த உத்தரவு இல்லாமல் போயிற்று. ஜூன் 12 இல் சுப்ரீம் கோர்ட், கூலி தராத முதலாளிகள் மீது கடும் நடவடிக்கை வேண்டாம், இரு தரப்பும் பேசித் தீர்த்துக் கொள்ளட்டும் என்றது. பசியோடு இருப்பவனும் பணப்பெட்டியை வைத்திருப்பவனும் சமமாக உட்கார்ந்து பேச வேண்டுமாம்! பலமான சங்கம் இருந்த இடங்களில் ஏதோ கிடைத்தது. சங்கம் இல்லாத இடங்களில் கிடைத்தது கைவிரிப்பு.

வடநாட்டுத் தோழர்கள் மூட்டையைத் தலையில் வைத்து நடந்தார்கள். மே 8 ஆம் தேதி மகாராஷ்டிரத்தில் அவுரங்காபாத் அருகே ரயில் பாதையில் களைத்துப் படுத்த 16 பேர் சரக்கு ரயிலில் அடிபட்டு மாண்டார்கள்.

விவசாயத் தொழிலாளத் தோழர்களுக்கு இதில் என்ன சம்பந்தம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பனியன் கம்பெனிக்குப் போன பிள்ளைகள் எங்கே திரும்பி வந்தார்கள்? உங்கள் குடிசைக்குத்தான். ஒரு கூலியில் நாலு வயிறு நிறைந்த வீட்டில் ஆறு வயிறு ஆயிற்று. அன்று கைகொடுத்தது 100 நாள் வேலை. 2020-21 இல் தமிழ்நாட்டில் அதன் கூலி 256 ரூபாய். அந்த ஒரு வருஷத்தில் நாடு முழுவதும் சுமார் ஏழரைக் கோடிக் குடும்பங்கள் அந்த வேலைக்குப் போயின. கிராமத்து வேலை உரிமை ஆலைத் தொழிலாளிக்கும் பாதுகாப்பு என்பதை அந்த வருஷம் நமக்குக் கற்றுக் கொடுத்தது.

வாசலில் ஒரு துப்பாக்கி

2020 மே மாதம் ஆலைகள் படிப்படியாகத் திறந்தன. வாசலில் நெற்றிக்கு நேரே துப்பாக்கி போன்ற கருவியைப் பிடித்துக் காய்ச்சல் பார்த்தார்கள். கையில் மருந்து ஊற்றினார்கள். தரையில் வட்டம் வரைந்தார்கள். போட்டோவும் எடுத்தார்கள். உள்ளே போனால் என்ன? பல இடங்களில் அதே நெருக்கமான வரிசை, அதே மூடிய ஜன்னல், ஒன்றரை ஷிப்ட், ஒரே வேனில் அடைத்த பயணம்.

அந்தக் கருவியால் நோயைத் தடுக்க முடியுமா? இந்த நோய் கண்டவர் காய்ச்சல் தெரிவதற்கு முன்பே மற்றவருக்குப் பரப்பக் கூடும். காய்ச்சலே இல்லாமலும் பரப்பக் கூடும். மூச்சுக் காற்றில் மிதந்து, காற்றோட்டமில்லாத அறையில் தங்கி நிற்கும். ஆகவே வேண்டியது காற்று, இடைவெளி, முகக் கவசம். எல்லாவற்றுக்கும் மேலாக, உடம்பு சரியில்லாதவர் தைரியமாக வீட்டில் இருக்க வழி.

திருப்பூரில் செக்கிங் வேலை செய்கிற ஒரு சகோதரி எங்களிடம் சொன்னதை மறக்க முடியவில்லை. காய்ச்சல் மாத்திரையை விழுங்கிவிட்டு, நெற்றி குளிர்ந்த பிறகு வாசலுக்குப் போயிருக்கிறார். "ஏனம்மா இப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டோம்.

"காய்ச்சல்னு சொன்னா 14 நாள் ஊட்டுல இருக்கோணும்ங்க தோழர். அந்த 14 நாள் கூலிய ஆருங்க குடுப்பாங்க?" என்றார்.

அவர் வரிசையில் 5 பேர் படுத்தார்கள். அவருடைய மாமியார் எழுந்திருக்கவே இல்லை. அந்தச் சகோதரி இன்றும் "நாந்தானுங்க கொண்டாந்து குடுத்துட்டேன்" என்று அழுகிறார். இல்லை தோழர்களே! அவரை மாத்திரை விழுங்க வைத்தது யார்? 14 நாள் கூலியைக் கொடுக்க மறுத்த முறைதான் அந்தக் குற்றத்துக்குப் பொறுப்பு.

இங்கே எங்கள் குறையையும் ஒப்புக் கொள்கிறோம். அந்த நாட்களில் நாங்கள் அரிசி திரட்டினோம், சமைத்துப் போட்டோம், ஊருக்குப் போகிறவர்களுக்கு ரயிலுக்கு எழுதிக் கொடுத்தோம். அவை செய்ய வேண்டிய வேலைகள்தான். ஆனால் ஆலை திறக்கிற அன்று "காய்ச்சலுக்குக் கூலியோடு லீவு" என்ற கோரிக்கையை வாசலிலேயே வைத்திருக்க வேண்டும். பாதுகாப்பு என்பது டாக்டர் விஷயம் என்று விட்டுவிட்டோம். அது கூலி விஷயம் என்பதை அந்தச் சகோதரியிடம்தான் கற்றோம். ஈ.எஸ்.ஐ. யில் நோய்க் காலத்துக்குக் கூலியில் 70 சதவீதம் உண்டு. ஆனால் பெயரே பதிவாகாத பீஸ் ரேட் தொழிலாளிக்கும், கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் அது எட்டாக் கனி.

யந்திரமும் உறங்கி எழுகிறது

மனிதர்கள் மட்டுமல்ல, யந்திரங்களும் ஒரு மாதத்துக்கு மேல் சும்மா கிடந்தன. 2020 மே 7 விடியற்காலை விசாகப்பட்டினத்தில், அடைப்பில் கிடந்து திறக்கத் தயாராகிக் கொண்டிருந்த ரசாயன ஆலையிலிருந்து ஸ்டைரீன் வாயு கசிந்தது. தூங்கிக் கொண்டிருந்த ஜனங்கள் தெருவில் விழுந்தார்கள். 12 பேர் மாண்டார்கள். அதே நாளில் நெய்வேலியில் பாய்லர் வெடித்தது. ஜூலை 1 இல் மறுபடியும் வெடித்தது.

விசாகப்பட்டின விபத்தையடுத்துத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆலை திறந்த முதல் வாரத்தைச் சோதனை ஓட்டமாகக் கொள்ள வேண்டும். அதிக உற்பத்தி இலக்கு வைக்கக் கூடாது என்றது. எத்தனை ஆலைகளில் இதைத் தொழிலாளிக்குப் படித்துக் காட்டினார்கள்? இழந்த நாட்களை ஈடுகட்ட வேண்டும் என்று முதல் நாளே விரட்டியதைத்தான் நாம் கண்டோம்.

சில சர்க்கார்கள் இன்னும் ஒரு படி மேலே போயின. குஜராத்தில் 2020 ஏப்ரல் 17 இல் தினம் 12 மணி நேர வேலைக்கு உத்தரவு. மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலியும் கிடையாது. தொழிற்சங்கம் வழக்காடியது. அக்டோபர் 1 இல் சுப்ரீம் கோர்ட் அதை ரத்துச் செய்தது. நோய் ஓய்ந்த பிறகும் அந்த ஆசை ஓய்ந்ததா? 2023 ஏப்ரல் 21 இல் நமது சட்டசபையிலேயே 12 மணி நேரத்துக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியது. சங்கங்கள் எல்லாம் ஒன்றாக எதிர்த்தன. மே தினத்தன்று அது வாபஸ் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. ஒற்றுமையாக நின்றால் நடக்கும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

பழைய பாடம்

1896 இல் பம்பாயில் பிளேக் வந்தது. லட்சக்கணக்கான ஜனங்கள் நகரத்தை விட்டு ஓடினார்கள். ஆலைகளில் கையில்லை. மாதக் கூலியைப் பாக்கி வைத்தே பழகிய முதலாளிகள், ஆள் கிடைக்க வேண்டும் என்பதற்காக அன்றன்றைக்குக் கூலி கொடுக்க இறங்கி வந்தார்கள். 1918 இல் விஷக் காய்ச்சலும் விலைவாசியும் சேர்ந்து வாட்டின. 1919 ஜனவரியில் பம்பாயின் லட்சத்துக்கு மேற்பட்ட மில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். நம் கை இல்லாமல் யந்திரம் ஓடாது. இதை நோய்க்காலம் முதலாளிக்குக் காட்டிக் கொடுக்கிறது. நமக்கும் காட்டிக் கொடுக்கிறது.

இன்னொன்றும் காட்டியது. இனாம் பனியன் தைத்த அதே திருப்பூர், சில வாரங்களில் முகக் கவசமும் டாக்டர்களுக்கான முழு அங்கியும் தைத்தது. அந்த அங்கியின் துணியைச் சோதித்துச் சான்று தந்தது கோவையிலுள்ள சிட்ரா ஆராய்ச்சி நிலையம். அதே கைகள், அதே ஊசி, அதே யந்திரம். ஜனங்களுக்கு எது தேவையோ அதைச் செய்ய நம்மால் முடியும். தேவைக்காகச் செய்வதா, லாபத்துக்காகச் செய்வதா என்பதுதான் பிரச்னை.

நாம் கேட்க வேண்டியவை

ஒன்று: தொற்று நோய்க்கு ஒதுங்கியிருக்கும் நாட்களுக்கு முழுக் கூலி. பீஸ் ரேட் தொழிலாளிக்குச் சராசரிக் கூலி.

இரண்டு: ஆர்டர் ரத்தானாலும், வெட்டிய, தைத்த, அச்சிட்ட சரக்குக்கு உரிய கூலி முதலில் பட்டுவாடா ஆக வேண்டும்.

மூன்று: தொழிலாளர்களே தேர்ந்தெடுத்த பாதுகாப்புக் கமிட்டி, அதில் பெண்கள். கமிட்டி பார்த்த பிறகே கதவு திறக்க வேண்டும். யந்திரம் ஓட வேண்டும். முதல் வாரம் சோதனை ஓட்டம்.

நான்கு: ஜன்னலும் காற்றோட்டமும் வேலை நிபந்தனை ஆக வேண்டும். 8 மணி நேரத்துக்கு மேல் கட்டாய வேலை கூடாது.

ஐந்து: எந்த ஊர்க்காரரானாலும் ஒவ்வொரு தொழிலாளியின் பெயரும் பதிவேட்டில் இருக்க வேண்டும், ஈ.எஸ்.ஐ. அட்டை கையில் இருக்க வேண்டும்.

இவை பெரிய ஆசைகள் அல்ல. 2022 இல் சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனம், பாதுகாப்பான, ஆரோக்கியமான வேலையிடத்தைத் தொழிலாளியின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. ஆனால் தீர்மானம் தானாக ஆலை வாசலுக்கு நடந்து வராது. 1984 இல் பஞ்சப்படிக்காகத் திருப்பூர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அந்தப் படி யாரும் இனாமாகக் கொடுத்ததல்ல.

அடுத்த நோய் வரும் நாளை நாம் நிர்ணயிக்க முடியாது. அன்று எந்த நிலையில் நிற்போம் என்பதை இன்றே நிர்ணயிக்கலாம். இந்தக் கூட்டம் முடிந்து போகும்போது, உங்கள் கம்பெனியில் பதிவேட்டில் பெயர் இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அடுத்த வாரம் அந்தக் கணக்கோடு சங்க ஆபீசுக்கு வாருங்கள். இனி எந்தச் சகோதரியும் மாத்திரையை விழுங்கிக்கொண்டு ஆலைக்குள் போகக் கூடாது.

தொழிலாளர் விவசாயத் தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!